முகம் கிடைத்தவர்கள்

உல்லாஸ்நகரில் வீடு தேடிப் போகிறவர் தெருப் பெயரைக் கேட்டுப் பெரிய பயன் இல்லை. கேம்ப் எத்தனை, பேரக் எண் என்ன என்றுதான் கேட்க வேண்டும். மும்பையிலிருந்து கல்யாண் தாண்டி வரும் லோக்கல் ரயிலில் விட்டல்வாடியில் இறங்கும் சிந்திக்காரரும் மராட்டியரும் தமிழரும் இன்றும் இந்த ராணுவக் கணக்கில்தான் முகவரி சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் இங்கே பெரிய இடைத்தங்கல் முகாம் ஒன்றை அமைத்திருந்தது. கல்யாண் கேம்ப் என்று பெயர். போர் முடிந்தது, பட்டாளம் போனது. 1947இல் நாடு பிரிந்தபோது, காலியாகக் கிடந்த அதே கொட்டடிகளில் சிந்து மாகாணத்து அகதிகள் குடியேற்றப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி அடிக்கல் நாட்ட, பக்கத்தில் ஓடும் உல்லாஸ் நதியின் பெயர் ஊருக்கு வந்தது.

அந்தக் கொட்டடிகளில் படுத்து எழுந்து போர்முனைக்குப் போன சிப்பாய்களில் ஒருவருடைய முகமும் ஊருக்கு நினைவில்லை. அவர்களுடைய எண்கள் மட்டும் தங்கிவிட்டன.

ராணுவத்துக்கும் முகத்துக்கும் உள்ள உறவே கொஞ்சம் விசித்திரமானது. ஆயிரம் பேரை ஒரே ஆள் போலக் காட்டுவதற்குத்தான் சீருடை. ஆனால் அதிகாரிக்குத் தன் முகம் தனியாக நிலைக்க வேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு. தளபதி என்றால் பெரிய ஓவியரை அழைத்து ஆளுயரப் படம் எழுதிக்கொள்வார். கேப்டனும் லெப்டினண்டும் என்ன செய்வது? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு வழி பிறந்தது. பக்கவாட்டு முகத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, பன்னிரண்டு பிரதி அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவது. இன்றைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு அதுதான் பாட்டன்.

இந்தத் தொழிலில் பெரும் பெயர் எடுத்தவருடைய கதை உல்லாஸ்நகர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். அவரும் ஓர் அகதி.

சேன் மெமின் பிரான்சில் தீஜோன் நகரத்துப் பிரபுக் குடும்பத்தில் 1770இல் பிறந்தவர். மன்னரின் காவல் படையில் இளம் அதிகாரி. புரட்சி வந்தது, பிரபுக்களின் தலை உருண்டது, சொத்து போனது. தந்தையோடு ஊர் ஊராக அலைந்து 1793இல் நியூயார்க்கில் வந்து இறங்கினார். தெரிந்த தொழில் வாள் பிடிப்பது ஒன்றுதான். அதற்கு அங்கே வேலை இல்லை. ஓரளவு படம் வரைய வரும். மீதியைத் தாமே கற்றுக்கொண்டார். தம்மைப் போலவே நாடு விட்டு வந்த இன்னொரு பிரெஞ்சுக்காரரோடு 1796இல் கூட்டுச் சேர்ந்து கடை போட்டார். கராச்சியில் கணக்குப் பார்த்தவர் கல்யாண் கொட்டடியில் பப்படம் இட்டு விற்றுப் பிழைத்தது போன்ற கதைதான்.

அவருக்குக் கைகொடுத்தது ஒரு கருவி. பாரிசில் 1786இல் கில் லூயி க்ரெதியன் என்பவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். வெர்சாய் அரண்மனையில் செல்லோ வாசித்த இசைக் கலைஞர் அவர். உட்கார்ந்திருப்பவரின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கருவியை இயக்குபவர் ஒரு சிறு துளை வழியே பார்ப்பார். நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று விளிம்போடு குறிமுனையை நகர்த்திக்கொண்டே வருவார். அதோடு இணைந்த மரச் சட்டங்கள் மறுபக்கம் உள்ள பென்சிலை நகர்த்த, முகத்தின் கோடு அதே அளவில் தாளில் விழும். சில நிமிட வேலை. சேன் மெமின் இளஞ்சிவப்புத் தாளில் எடுத்த இந்தக் கோட்டைக் கறுப்பு வெள்ளைச் சாக்கால் முழுப் படமாக்குவார். பிறகு அளவைச் சுருக்கும் இன்னொரு சட்டக் கருவியால் அதைச் சுமார் இரண்டு அங்குல வட்டமாகச் செப்புத் தகட்டில் இறக்குவார். தலைமுடி, காதோரம், கழுத்துப்பட்டை, தோளில் தொங்கும் குஞ்சம் எல்லாம் கைவேலை. பெரிய படமும் செப்புத் தகடும் பன்னிரண்டு பிரதியும் சேர்த்து ஆண்களுக்கு 25 டாலர். பெண்களுக்கு 35. பத்து டாலர் ஏன் கூட என்று கணவன்மார்கள் கேட்டிருப்பார்கள்.

சுமார் 900 பேர் அவர் முன் உட்கார்ந்தார்கள். தரைப்படை, கடற்படை அதிகாரிகள் அவர்களில் ஏராளம். 1798இல் ஜார்ஜ் வாஷிங்டனே வந்தார். பிரான்சோடு போர் வரலாம் என்ற பேச்சு அடிபட்டு, ஓய்விலிருந்த வாஷிங்டனைத் தலைமைத் தளபதியாக மறுபடி அழைத்திருந்த நேரம் அது. பிரான்சுக்கு எதிராகப் படை திரட்ட வந்தவரின் முகத்தைப் பிரெஞ்சுப் படையின் முன்னாள் அதிகாரி ஒருவர் செதுக்கினார்.

முகத்தைப் பக்கவாட்டில் செதுக்கியதற்கு முதல் காரணம் சிக்கனம். நேர்முகம் வரைய நிழலும் ஒளியும் தெரிந்த கை வேண்டும். கண் கொஞ்சம் பிசகினால் வேறு ஆளாகிவிடும். பக்கவாட்டு முகத்துக்கு ஒரே கோடு போதும், ஆளைச் சொல்லிவிடலாம். விளக்கு வெளிச்சத்தில் சுவரில் விழும் நிழலைக் கறுப்புத் தாளில் வெட்டித் தரும் பழக்கமும் அப்போது பரவலாக இருந்தது. செலவைக் குறைக்கச் சொல்லி வசவு வாங்கிய பிரெஞ்சு நிதியமைச்சர் எத்தியேன் த சிலுவெத்தின் பெயரையே அந்த மலிவுப் படத்துக்குச் சூட்டிவிட்டார்கள். இரண்டாவது காரணம் ரோம் நாட்டு நாணயம். சீசர்கள் நாணயத்தில் பக்கவாட்டில்தான் பார்க்கிறார்கள். இருபத்தைந்து டாலருக்கு ஒரு கேப்டனும் சீசர் போலத் தோன்ற முடியும் என்றால் கசக்குமா? மூன்றாவது, லாவாட்டர் என்ற ஸ்விட்சர்லாந்துப் பாதிரியார். முகக் கோட்டைப் பார்த்துக் குணத்தைச் சொல்லலாம் என்று 1775 முதல் பெரிய பெரிய நூல்களாக எழுதித் தள்ளினார். நம் ஊர் சாமுத்ரிகா லட்சணம்தான், ஜெர்மன் மொழியில். ஐரோப்பா முழுவதும் ஒருவர் மூக்கை ஒருவர் உற்றுப் பார்க்கத் தொடங்கியது.

நூறு ஆண்டுகள் கழித்து, 1880களில், பாரிஸ் போலீசில் வேலை பார்த்த பெர்டியோன் கைதிகளை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படமெடுக்கும் முறையை ஏற்படுத்தினார். தப்பி ஓடியவனை அடையாளம் காணப் பக்கவாட்டு முகமே நம்பகமானது என்பது அவர் கணக்கு. தளபதிகளுக்கு வாய்த்த அந்தஸ்து திருடர்களுக்கும் கிடைத்தது.

சேன் மெமினின் கருவி முன் உட்கார்ந்தவர்களில் வேறு சிலரும் உண்டு. ஓசேஜ் முதலான செவ்விந்திய இனங்களின் தலைவர்களும் வீரர்களும் 1804 முதல் வாஷிங்டன் நகரத்துக்கு அழைத்துவரப்பட்டார்கள். அவர்களையும் அவர் அதே பக்கவாட்டில் வரைந்தார். மேற்கே கண்டம் கடந்து போய்த் திரும்பிய மெரிவெதர் லூயிஸ், தம் பயண நூலில் சேர்ப்பதற்காக 1807இல் அந்தப் படங்களுக்கென 83 டாலர் 50 சென்ட் கொடுத்தார். மழித்த தலை, காதில் வளையம், நிமிர்ந்த மூக்கு. அவர்களுடைய நிலம் பிறகு பறிபோயிற்று. முகம் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கம்பெனிப் படைகளோடு மோதியவர்களுக்கு இதுகூட வாய்க்கவில்லை.

பக்கவாட்டு முகம் நமக்குத் தெரியாத விஷயமும் அல்ல. தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று சண்டையிடும் பாத்திரங்களில் பெரும்பாலானவை ஒரு பக்கமாகத்தான் பார்க்கும். ஜஹாங்கீர் காலம் தொட்டு முகலாய ஓவியர்கள் பாதுஷாவையும் படைத்தலைவர்களையும் பக்கவாட்டில் எழுதினார்கள். செதுக்கிய முகம் இன்னும் பழைய சரக்கு. ரோமாபுரியின் பொற்காசுகள் தமிழகத்தில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 காசுகளில் பெரும்பாலானவற்றில், சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது செலாவணி அல்ல, வெறும் தங்கம் என்று அறிவிக்கச் செய்த வேலை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. முகத்தின் மதிப்பை அறிந்தவர்கள்தான் அதை வெட்டவும் செய்வார்கள்.

ஆனாலும் 18ஆம் நூற்றாண்டுத் தமிழகப் போர்களின் படத் தொகுப்பைப் புரட்டினால் ஒரு தரப்பு மட்டுமே தெரிகிறது. கம்பெனிப் படையைக் கட்டியெழுப்பிய ஸ்ட்ரிங்கர் லாரன்சை ரெனால்ட்ஸ் வரைந்தார், கெய்ன்ஸ்பரோவும் வரைந்தார். இங்கிலாந்தின் முதல் இரண்டு ஓவியர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கம்பெனி அவருக்கு மார்பளவுச் சிலை வைத்து, கீழே திருச்சிக் கோட்டையையும் செதுக்கியது. அந்தத் திருச்சியில் லாரன்சுக்குத் தோள்கொடுத்த சிப்பாய்த் தலைவர் யூசுப் கான். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர். லாரன்ஸ் அவரைப் புகழ்ந்து எழுதினார். கம்பெனி தங்கப் பதக்கம் கொடுத்தது. பிறகு மதுரையை ஆண்டு, நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் தொங்கினார். அவரை நேரில் வைத்து எழுதிய படம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. 1997இல் எலிசபெத் ராணி முன்னிலையில் சென்னையில் தொடங்கிய 'மருதநாயகம்' திரைப்படமும் முடியவில்லை. சினிமாக் கணக்கில்கூட அவருக்கு முழு முகம் கிடைக்கவில்லை.

ஓவியர்கள் இங்கே வராததால் அல்ல. தாமஸ் ஹிக்கி என்ற அயர்லாந்துக்காரர் 1798இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டதும், அந்தப் போரில் இருந்த ஆங்கில அதிகாரிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, சேன் மெமினைப் போலவே கறுப்பு வெள்ளைச் சாக்கால் முகம் முகமாக வரைந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் இங்கிலாந்தில் வெலிங்டன் பிரபுவின் குடும்ப மாளிகையைச் சேர்ந்தன. திப்புவின் மகன்களையும் ஹிக்கி எழுதினார். திவான் பூர்ணையாவையும் எழுதினார். தோற்றவர்கள் என்றாலும் மைசூர்க்காரர்களுக்கு லண்டனில் கிராக்கி இருந்தது. திப்பு என்றால் அங்கே குழந்தைக்கும் தெரியும். கார்ன்வாலிசிடம் அவருடைய பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சியைப் பல ஓவியர்கள் எழுதி, அச்சுப் படங்களாகவும் அவை விற்றன.

அதே 1799இல், ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த ஐந்தே மாதத்தில், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 16. பாளையக்காரருக்கு லண்டனில் ஏது சந்தை? செப்புத் தகடு விலை கூடியது. செதுக்குகிறவனுக்குக் கூலி, அச்சுக்குக் கூலி, தாளுக்கு விலை. வாங்க ஆள் இல்லாத முகத்தை எந்த வியாபாரியும் தகட்டில் ஏற்றமாட்டான்.

இதில் மிகவும் உறுத்துவது வில்லியம் டேனியலின் கதை. சிற்றப்பன்கள் பெரியப்பன்கள் எல்லாரையும் போலவே தாமஸ் டேனியலும் அண்ணன் தம்பி பிள்ளை ஒருவனை வேலை பழக்கக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். 1785இல் கப்பல் ஏறியபோது பையனுக்கு 16 வயது. 1792இல் இருவரும் சென்னையிலிருந்து கிளம்பி, மைசூர்ப் போர் நடந்த வழியே போய், பிறகு மதுரை தாண்டித் தெற்கே இறங்கினார்கள். திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த படம் இன்றும் புகழோடு இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் அப்போது பாளையக்காரர் கட்டபொம்மன். அருவிக்கும் கோட்டைக்கும் ஓரிரு நாள் பயணம்தான். டேனியல்களுக்கு வேண்டியவை மலை, அருவி, கோபுரம். மறு ஆண்டு மும்பைக்குப் போய் எலிபெண்டா குகைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

லண்டனில் வில்லியம் கையில் எடுத்த பெரிய வேலைகளில் ஒன்று முகங்கள். ஜார்ஜ் டான்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1793 முதல் தம் நண்பர்களையும் பிரமுகர்களையும் பென்சிலில் பக்கவாட்டாக வரைந்து வைத்திருந்தார். அவற்றில் 72 முகங்களை வில்லியம் டேனியல் செப்புத் தகட்டில் இறக்கி, 1808க்கும் 1814க்கும் இடையில் வெளியிட்டார். பென்சில் கோட்டின் மென்மைகூட அச்சில் வரும்படியான வேலை. சென்னையில் கம்பெனி எழுத்தராகத் தொடங்கிக் கடல் வரைபடக்காரராக உயர்ந்த அலெக்ஸாண்டர் டால்ரிம்பிள் அவற்றில் ஒருவர். பக்கவாட்டு முகத்தைச் செதுக்குவதில் அந்தக் காலத்தின் சிறந்த கைகளில் ஒன்று, கட்டபொம்மன் உயிரோடு இருந்தபோது அவர் ஊர்ப்பக்கம் போய் வந்த கை.

சிவகங்கைச் சீமையில் இன்னும் கிட்டத்தில் ஒரு வாய்ப்பு தவறியது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி 1790களில் மதுரைப் பக்கம் இருந்தபோது மருது சகோதரர்களோடு பழகினார். 1830இல் வெளியான அவருடைய ராணுவ நினைவுக் குறிப்புகளில் இருவரும் உயிரோடு நடமாடுகிறார்கள். பெரிய மருது வேட்டைப் பிரியர். ஆற்காடு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடும் பலசாலி. சின்ன மருது கறுத்த, பருத்த, அழகான மனிதர். காவல் எதுவும் இல்லாத திறந்த அரண்மனையில் வாழ்ந்தவர், யாரும் போய்ப் பார்க்கலாம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஊமைத்துரையை மெலிந்த, நோயாளி போன்ற இளைஞர் என்று எழுதுகிறார். அந்த உடம்புக்குள் இருந்த உறுதியைக் கண்டு வியக்கிறார். வெல்ஷுக்குப் படம் வரையவும் தெரியும். நூலில் தொண்ணூறு படங்கள்வரை சேர்த்திருக்கிறார். கோட்டைகளும் மலைகளும் அவற்றில் உண்டு. மருதுகளின் முகம் இல்லை.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் வெல்ஷ் எதிர்த்தரப்பில் நின்றார்.

தாராவியிலோ மாட்டுங்காவிலோ விழாவுக்கு ஒட்டும் சுவரொட்டியில் இன்று கட்டபொம்மன் முறைத்துப் பார்க்கிறார் என்றால், அந்த மீசையும் பார்வையும் 1959இல் சிவாஜி கணேசன் கொடுத்தவை. கயத்தாற்றில் தம் செலவில் நிலம் வாங்கிச் சிலை வைத்தவரும் அவரே. 1999இல் கட்டபொம்மனுக்கும் 2004இல் மருது சகோதரர்களுக்கும் தபால் தலை வந்தது. எல்லாம் பிற்காலத்தவர் மனத்தில் கண்ட முகங்கள். காளையார்கோவிலில் மருதுகளுடையவை என்று மக்கள் காட்டும் கற்சிலைகள் உண்டு. கைகூப்பி நிற்கும் அந்த வடிவத்தில் தெரிவது பக்தி; ஆளின் சாயலைப் பிடிப்பது அந்த மரபின் நோக்கம் அல்ல. கம்பெனிப் பக்கம் நின்று செத்த ஆயிரக்கணக்கான தமிழ்ச் சிப்பாய்களுக்கோ சிலையும் இல்லை, தபால் தலையும் இல்லை.

சேன் மெமின் 1814இல் பிரான்சுக்குத் திரும்பினார். சொந்த ஊரான தீஜோனிலேயே அருங்காட்சியகக் காப்பாளர் வேலை கிடைத்தது. 1852இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். தாம் செதுக்கிய முகங்களில் ஒவ்வொரு பிரதியைத் தமக்கென்று எடுத்து வைத்திருந்தார். அமெரிக்காவில் இன்றும் யாராவது தங்கள் முப்பாட்டன் கேப்டனாக இருந்தார் என்று தேடி வந்தால், வட்டத்துக்குள் பக்கவாட்டாக அவர் கிடைத்துவிடுகிறார்.

மருதுகளின் குடும்பத்தில் தூக்கிலிருந்து தப்பியவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. 15 வயது. அவனையும் சேர்த்து 73 பேரை 1802இல் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். கப்பல் ஏறும்வரை அவர்களைக் காவல் காத்த அதிகாரி வேறு யாருமல்ல, வெல்ஷ்தான். ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்தவரின் பிள்ளையை விலங்கோடு பார்க்க அவருக்கு மனம் கேட்கவில்லை. தம்மால் ஆன சலுகையைச் செய்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், வெல்ஷ் பினாங்குக்குப் போயிருந்தபோது, தளர்ந்துபோன ஒரு கிழவர் அவரைத் தேடி வந்து எதிரே நின்றார். வெல்ஷ் உற்று உற்றுப் பார்த்தும் யார் என்று பிடிபடவில்லை. வந்தவர் துரைசாமி என்று தன் பெயரைச் சொன்ன பிறகே அடையாளம் தெரிந்தது. அந்தக் கிழவருக்கு அப்போது வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும்.